பாலை என்பது நிலமன்று

தமிழிலக்கியம் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் புதிர் ஒன்றுண்டு. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். இவ்வாறு நானிலத்தையும் வகுத்துரைத்த பழந்தமிழ் இலக்கணம், பாலைத் திணைக்கு மட்டும் தனியொரு நிலத்தை ஒதுக்கவில்லை. வேனிலையும் நண்பகலையும் அதன் பொழுதாக்கியது. பிரிவை அதன் உரிப்பொருளாக்கியது. நிலத்தைக் கூறாது விட்டது. இப்புதிருக்கு விடை பகர்ந்தவர் இளங்கோவடிகள். மழை பொய்த்து வெயில் நீடிக்குமிடத்துக் காடும் மலையுமே பாலையாகிவிடுகின்றன என்பது அவர் காட்டிய விளக்கம். ஆகவே பாலை என்பது ஒரு நிலமன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலை.

இதனைப் புலவர்தம் கற்பனையென ஒதுக்குவாருமுளர். இன்றைய அறிவியலை முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவது எமது நோக்கமுமன்று. ஆயினும், 2003ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கு ஐரோப்பாவில், சிறப்பாகப் பிரெஞ்சு நாட்டில், நிகழ்ந்தவற்றை ஊன்றி நோக்குவோமாயின் இரண்டு உண்மைகள் புலனாகும். செழித்த நிலமொன்று சில மாதங்களில் எவ்வாறு பாலையாக மாறுகின்றது என்பது ஒன்று. வெயிலையும் பிரிவையும் ஒரே திணையுள் அடக்கிய மரபு எத்துணைப் பொருள் பொதிந்தது என்பது மற்றையது.

நிலம் திரிந்த வகை

பிரெஞ்சு நாடு வறண்ட நாடன்று. பெரிய ஆறுகளும், புல்வெளிகளும், கோதுமை வயல்களும், திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த நாடு. பாரிஸ் மாநகரில் ஆகஸ்ட் மாதத்துப் பகற்பொழுதின் உச்ச வெப்பநிலை சராசரியாக 25 பாகை செல்சியஸை அண்டியே நிற்கும். மன்னாரிலோ மட்டக்களப்பிலோ வாழும் ஒருவருக்கு அது குளிர்ந்த பொழுதாகவே தோன்றும்.

2003ஆம் ஆண்டில் இளவேனிற் பருவத்து மழை குறைந்தது. கோடை பிறக்கும்போதே மண்ணின் ஈரம் வற்றத் தொடங்கியிருந்தது. இதன் விளைவை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். ஈரமான நிலத்தில் வெயில் விழும்போது அதன் ஆற்றலிற் பெரும் பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகின்றது. மரஞ்செடி கொடிகளும் இலைவழியே நீராவியை வெளிவிட்டுச் சூழலைக் குளிர்விக்கின்றன. ஈரம் அற்றுப்போனால், அதே ஆற்றல் நிலத்தையும் நிலத்தின்மேல் உள்ள காற்றையும் சூடாக்குகின்றது. நீருள்ளவரை மட்பானை குளிர்ந்திருக்கும். நீர் வற்றியபின் அது வெயிலிற் கிடக்கும் ஓடு. நிலமும் அத்தகையதே.

வறண்ட இந்நிலத்தின்மீது உயர் அமுக்கப் பகுதியொன்று வந்து நிலைகொண்டது. உயர் அமுக்கப் பகுதியிற் காற்று மேலிருந்து கீழ் இறங்கும். இறங்குங்கால் அழுத்தப்பட்டுச் சூடேறும். முகில் உருவாக இடந்தராது. அத்திலாந்திக் கடலிலிருந்து மழை கொணரும் காற்றுக்கள் வழி மறிக்கப்பட்டு வேறு திசையிற் சென்றன. முகிலற்ற வானம் நிலத்தை மேலும் உலர்த்தியது; உலர்ந்த நிலம் காற்றை மேலும் சூடாக்கியது. விளைவே காரணமாகிக் காரணமே விளைவாகிய இச்சுழலைத்தான் நீடித்த வெப்ப அலைகள் பலவற்றின் மூலமென வானிலை அறிஞர் விளக்குகின்றனர்.

ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரு வாரங்களில் வெப்பம் உச்சங்கண்டது. 10ஆந் திகதி இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் 38.5 பாகை பதிவாயிற்று. 100 பாகை பரனைட்டை அந்நாட்டு வெப்பமானிகள் கடந்தது அதுவே முதன்முறை. மறுநாள் சுவிற்சர்லாந்தின் குறோனோ என்னும் ஊரில் 41.5 பாகை. பிரெஞ்சு நாட்டின் பல ஊர்களில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. பாரிஸில் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து 35 பாகைக்கு மேற்பட்ட பகல்கள். இவற்றைவிடக் கொடியன இரவுகள். 25 பாகைக்குக் கீழ் இறங்காத இரவுகளையும் அந்நகரம் அவ்வாரத்திற் கண்டது.

ஒரே வெயில், பல கேடுகள்

வெப்பம் தனித்து வருவதில்லை. அவ்வந்நிலத்தின் இயல்புக்கேற்ற கேடுகளையும் உடனழைத்து வருகின்றது. போர்த்துக்கல் நாட்டிற் காடுகள் பற்றியெரிந்தன. நான்கு இலட்சம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம் அவ்வாண்டில் அங்கே தீக்கிரையாயிற்று.

அல்ப்ஸ் மலைத்தொடரில் நிகழ்ந்தது வேறு வகையான அழிவு. உயர்ந்த சிகரங்களிற் பாறைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது என்றும் உறைந்த பனியாகும். அப்பிணைப்பு இளகவே பாறைகள் சரிந்தன. புகழ்பெற்ற மற்றர்ஹோண் சிகரத்தில் ஜூலை மாதத்திற் பாறை சரிந்ததனால், ஏறச் சென்றவர்களை ஹெலிகொப்டர் மூலம் மீட்க நேர்ந்தது. அல்ப்ஸ் மலையின் பனியாறுகள் அவ்வொரு கோடையில் மட்டும் தம் பனித்திரளில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

சமவெளியில் ஆறுகள் மெலிந்தன. றைன் நதியிற் கப்பல்கள் முழுச்சுமை ஏற்றிச் செல்ல இயலவில்லை. எஞ்சிய நீரும் சூடேறியிருந்தமையால், ஆற்றுநீரை நம்பித் தம்மைக் குளிர்வித்துக்கொள்ளும் பிரெஞ்சு அணுமின் நிலையங்கள் சில, மின்னுற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் மின்சாரம் மிகுதியாக வேண்டப்பட்ட காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதைக் கருதுதல் வேண்டும். வயல்களிற் சோளம் கருகியது. கால்நடைகளுக்குப் புல் இல்லை. அவ்வாண்டில் ஐரோப்பியத் தாவரங்களின் வளர்ச்சி ஏறக்குறைய 30 வீதம் வீழ்ச்சியடைந்தது என்றும், வழக்கமாகக் கரியமில வாயுவை உள்ளிழுக்கும் அக்கண்டத்துப் பசுமை அவ்வாண்டில் அதனை வெளிவிடும் நிலைக்கு ஆளாயிற்று என்றும் 2005இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

கூரையின் கீழ்

இவையனைத்தும் கண்ணுக்குத் தெரிந்த கேடுகள். தீ எரிந்தால் புகை தெரியும். பாறை சரிந்தால் ஓசை கேட்கும். மனிதர் இறந்தது மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

பாரிஸ் நகரின் அழகை வியப்பவர் அதன் சாம்பல் நிறக் கூரைகளையும் வியப்பர். அவை துத்தநாகத் தகட்டாலானவை. அவற்றின் நேர் கீழே, ஆறாம் ஏழாம் மாடிகளில், பழங்காலத்திற் பணிப்பெண்களுக்கென அமைக்கப்பட்ட சிற்றறைகள் உள்ளன. மின்னேணி எட்டாத இவ்வறைகளிற் பலவற்றில் வசிப்போர் வறியவரும் தனித்தவருமே. குளிரை எதிர்த்துக் கட்டப்பட்ட அந்நகரில் வெயிலை எதிர்க்கும் ஏற்பாடு எதுவுமில்லை. பகல் முழுதும் சூட்டை வாங்கிய தகடு இரவு முழுதும் அதனை அறையுள் இறக்கியது.

முதுமையடைந்த உடலுக்கு வெயில் இருமுனைத் தாக்குதலாகும். உடலைக் குளிர்விக்கும்பொருட்டு இதயம் தோலுக்கு மிகுந்த குருதியைச் செலுத்த வேண்டும். வியர்வை பெருக வேண்டும். முதியோருக்கு வியர்வையும் குறைவு. தாக உணர்ச்சியும் மங்கியது. நோய்க்கென உட்கொள்ளும் மருந்துகள் சில உடலின் நீரை மேலும் குறைக்கின்றன. இரவு குளிர்ந்தால் உடல் இளைப்பாறித் தேறும். இரவும் குளிரவில்லையெனில் ஒவ்வொரு நாளும் முந்திய நாளின் களைப்போடு தொடங்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இதயம் ஓய்ந்துவிடுகின்றது.

அவ்வாறு ஓய்ந்தபோது இறப்புச் சான்றிதழிற் பெரும்பாலும் எழுதப்படுவது மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்பனவே; வெயில் என்று எழுதப்படுவது அரிது. ஆதலால் வெயிலால் மாண்டோரை ஒவ்வொருவராக எண்ண இயலாது. வழமையான ஆண்டுகளில் அதே நாட்களில் எத்தனை பேர் இறப்பரோ அத்தொகையைக் கழித்து, மிகையாக இறந்தோரைக் கணக்கிடுவதே முறை. இம்முறையின்படி ஆகஸ்ட் 1 முதல் 20 வரை பிரெஞ்சு நாட்டில் மிகையாக இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர். பாரிஸ் வட்டாரத்தில் இறப்பு வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மாண்டோரில் ஐந்தில் நான்கு பங்கினர் 75 வயதைக் கடந்தவர். ஆண்களைவிடப் பெண்களே கூடுதல். ஐரோப்பா முழுவதற்கும் அக்கோடையின் மிகை இறப்பு 70,000ஐத் தாண்டியது எனப் பின்னர் கணிக்கப்பட்டது.

இத்தொகை தெரியவந்தது எல்லாம் முடிந்த பின்னரே. வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களும் பிரேதச் சேவையினருமே முதலிற் குரலெழுப்பினர். பிணவறைகள் நிரம்பிவிட்டமையால், மாநகருக்கு உணவு வழங்கும் றன்ஜிஸ் மொத்தச் சந்தைப் பகுதியின் குளிர்களஞ்சியம் ஒன்றிற் சடலங்கள் வைக்கப்பட்டன. அரசு விழித்தெழப் பல நாள்கள் சென்றன. ஆகஸ்ட் 18ஆந் திகதி நாட்டின் சுகாதாரப் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார்.

உரிப்பொருள்

ஆகஸ்ட் மாதம் பிரெஞ்சு நாட்டின் விடுமுறைக் காலமாகும். நகரத்தவர் கடற்கரைக்கும் கிராமத்துக்கும் செல்வர். கடைகள் மூடப்படும், வைத்தியர்களும் விடுமுறையிற் செல்வர், வைத்தியசாலைகளிற் கட்டில்களின் தொகை குறைக்கப்படும். நாட்டின் சனாதிபதியும் அப்போது கனடாவில் விடுமுறையில் இருந்தார். சென்றவர் இளையோர், எஞ்சியவர் முதியோர். மாடிப்படியில் எதிர்ப்படும் அயலவரோ, மூலைக் கடைக்காரரோ, நாள்தோறும் பார்க்கும் குடும்ப வைத்தியரோ இல்லாத வெறுமையில் அவர்கள் வெயிலை எதிர்கொண்டனர்.

குடும்பத்தினர் பெற்றோரைக் கைவிட்டனர் என்ற பழி அக்காலத்துச் செய்தித்தாள்களிற் பெரிதாக எழுந்தது. அது முழு உண்மையன்று. மாண்டோரில் மூன்றில் ஒரு பங்கினரே தம் வீடுகளில் இறந்தனர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் முதியோர் இல்லங்களிலும், எஞ்சியோரிற் பெரும்பாலோர் வைத்தியசாலைகளிலும் உயிர்நீத்தனர். சூழப் பலர் இருந்தும் பணியாளர் போதாமையால் தண்ணீர் பருகக் கொடுப்பாரின்றி இருத்தலும் ஒருவகைப் பிரிவே. ஏழாம் மாடியிலிருந்து இறங்க வலுவற்றிருத்தல் மற்றொரு பிரிவு. பிள்ளைகள் விடுமுறையிற் சென்றது இவற்றுள் ஒன்று, அவ்வளவே.

செப்டெம்பர் 3ஆந் திகதி, பாரிஸின் தெற்கே தியே மயானத்தில், உரிமை கோர எவரும் வராத 57 பேரின் உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. சனாதிபதி ஜாக் சிராக்கும் மாநகர முதல்வரும் அங்கு நின்றனர். உயிரோடிருந்த காலத்தில் எவரும் தேடி வராத மனிதரை வழியனுப்ப நாட்டின் தலைவரே வந்து நின்ற அக்காட்சியைவிட அக்கோடையின் துயரை வேறெதுவும் உணர்த்தாது. பிற்காலத்தில் அமெரிக்க வரலாற்றாசிரியர் றிச்சர்ட் கெல்லர், கைவிடப்பட்ட இம்மனிதரின் முகவரிகளைத் தேடித் தெருத்தெருவாக நடந்து அவர்தம் வாழ்வை விசாரித்து 2015இல் ஒரு நூல் எழுதினார். நூலின் தலைப்பே தனிமையின் சாவைக் குறிப்பதாகும்.

இரு அயற்பகுதிகள்

தனிமை கொல்கின்றது என்பது வெறும் இரக்கச் சொல்லன்று என்பதற்கு மற்றொரு நகரம் சான்று தருகின்றது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு வார வெயிலால் மிகையாக இறந்தோர் 739 பேர். சமூகவியலறிஞர் எரிக் கிளைனன்பேர்க் அந்நகரின் இரு அயற்பகுதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2002இல் நூலாக்கினார். இரண்டும் அடுத்தடுத்து உள்ளவை. இரண்டிலும் வறியவர் மிகுதி. இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் உண்டு. இரண்டின்மீதும் விழுந்த வெயில் ஒன்றே. ஆயினும் வட லோண்டேல் என்ற பகுதியின் இறப்பு வீதம் தென் லோண்டேலினதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு.

காரணம் வானத்தில் இல்லை, தெருவில் இருந்தது. தென் லோண்டேலிற் கடைகள் திறந்திருந்தன. நடைபாதையில் மக்கள் திரள் இருந்தது. முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு இறங்கி ஒரு கடைக்குள் நிழலுக்கு ஒதுங்க இயன்றது. வட லோண்டேலில் ஆலைகள் மூடப்பட்டு, கடைகள் மறைந்து, வெற்றுக் காணிகளே எஞ்சியிருந்தன. கள்வருக்கு அஞ்சி முதியோர் கதவையும் யன்னலையும் அடைத்து உள்ளே கிடந்தனர். வெளியே வர அஞ்சியவர் உள்ளே மாண்டனர்.

கற்ற பாடம்

பிரெஞ்சு நாடு தன் துயரிலிருந்து கற்றுக்கொண்டது என்பதையும் கூறுதல் நீதியாகும். 2004இல் வெப்ப அலைக்கென ஒரு தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. தனித்து வாழும் முதியோரின் பெயர்களை ஊர்தோறும் பதிந்துவைத்து, வெயில் கடுமையாகும் நாட்களில் அவர்களைத் தொலைபேசியிலும் நேரிலும் விசாரிக்கும் முறை ஏற்பட்டது. முதியோர் இல்லங்களிற் குளிர்ந்த அறையொன்றேனும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 2006 ஜூலையில் மீண்டும் ஒரு நீண்ட வெப்ப அலை வந்தபோது, முன்னைய அனுபவத்தின்படி ஏறத்தாழ 6,400 பேர் மிகையாக இறந்திருக்க வேண்டும். இறந்தோர் ஏறத்தாழ 2,000 பேரே. இடைப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் உயிர்களிற் பலவற்றைக் காத்தது அரிய மருந்தன்று. கதவைத் தட்டி, தண்ணீர் குடித்தீர்களா எனக் கேட்ட குரலும் அவற்றுட் பங்குடையது.

ஆனால் வெயிலும் தன் முயற்சியைக் கைவிடவில்லை. 2003ஆம் ஆண்டை ஒத்த கோடை வருவதற்கான வாய்ப்பை மனிதச் செயல்கள் குறைந்தது இரு மடங்காக்கியுள்ளன என 2004இல் பிரித்தானிய அறிஞர் மதிப்பிட்டனர். 2019இல் தென் பிரெஞ்சு நாட்டில் 46 பாகை பதிவாயிற்று. 2022இல் இங்கிலாந்தும் 40 பாகையைக் கடந்தது. அவ்வாண்டுக் கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் மாண்டோர் 60,000க்கும் மேல் எனக் கணிக்கப்பட்டுள்ளது. நானிலமும் பாலையாகத் திரியும் காலம் அடிக்கடி வருகின்றது.

நமது திண்ணைகள்

தொலைதூர நாட்டின் கதையென இதனை நாம் ஒதுக்கிவிட இயலாது. பாரிஸின் லா சப்பல் பகுதியில் எம்மவரின் கடைத்தெருவே உண்டு. 2003ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரில் வாழ்ந்த எம்மவர் பல்லாயிரவர். ஆனால் யாம் கருதுவது அத்தொடர்பை மட்டுமன்று.

வெயில் எமக்குப் புதிதன்று. சித்திரை வைகாசியின் புழுக்கத்தையும், மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறுங்காற்றாய் மட்டக்களப்பை வந்து தாக்கும் கச்சானின் சூட்டையும் எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அறிந்தமையாலேயே தாழ்ந்த ஓலைக் கூரையும், காற்றோடும் நாற்சார் முற்றமும், மண் பூசிய சுவரும், வாசலில் திண்ணையும் அமைத்தனர். இன்று ஓலை போய்த் தகரமும் சீமெந்துத் தட்டும் வந்துள்ளன. அவை மழைக்கும் புயலுக்கும் உறுதியானவை. ஆயினும் வெயிலுக்குப் பாரிஸின் துத்தநாகக் கூரைக்கு இளைத்தவையல்ல.

கூரையினும் பெரிய மாற்றம் கூரையின் கீழ் நிகழ்ந்துள்ளது. போரும் புலப்பெயர்வும் ஒரு தலைமுறையைக் கடல்கடந்து கொண்டுசென்றன. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிற் பத்து வீடு கடந்து நடந்தால், பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்க, பெரிய வீட்டில் முதியவர் இருவரோ ஒருவரோ தங்கியிருக்கும் வீட்டைக் காணாதிருத்தல் அரிது. மாதந்தோறும் பணம் வருகின்றது. நாள்தோறும் தொலைபேசி ஒலிக்கின்றது. ஆயினும் நண்பகலில் தலைசுற்றி விழுந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கத் தொலைபேசியால் இயலாது. பாலைக்குப் பிரிவை உரிப்பொருளாக வைத்த திணை மரபை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், தலைவன் பொருள்வயிற் பிரிந்த பழங்கதையோடு இவ்வீடுகளையும் மாணவர்க்கு நினைவூட்டலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் இப்போது வெப்பம் மிகும் நாட்களில் எச்சரிக்கை விடுக்கின்றது. அது வேண்டியதே. எனினும் எச்சரிக்கையை வாசித்தவர் எவர், வாசிக்காதவர் எவர் என்பதைத் திணைக்களம் அறியாது, அயலவர் அறிவர். எந்த வீட்டில் எவர் தனித்திருக்கின்றார், எவருக்கு இதய நோய், எவர் மதியத்தில் யன்னலைத் திறப்பதில்லை என்பது கிராமத்துப் பாடசாலைக்கும், வாசிகசாலைக்கும், கோயிலுக்கும், தேவாலயத்துக்கும், பள்ளிவாசலுக்கும் தெரியும். அத்தகையோரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, வெயில் ஏறிய நாட்களில் மாணவர் இருவரை இருவராகச் சென்று விசாரிக்கும்படி செய்தல் பெரும் பணச்செலவு வேண்டாத செயல். பிரெஞ்சு நாடு பதினையாயிரம் உயிர்களைக் கொடுத்த பின்னரே அக்கொப்பியைத் திறந்தது. நாம் அடுத்த சித்திரைக்கு முன்னரே திறந்துவிடலாம்.